வன்னிப் பாறையும் வருகைதரு விஞ்ஞானிகளும்

வரலாற்றை எழுதப் புகுவோர் ஏட்டையும் செப்பேட்டையும் கல்வெட்டையும் தேடுவது இயல்பு. கல்வெட்டைப் படிப்பவர் கல்லின்மீது பொறிக்கப்பட்ட எழுத்தையே நோக்குகின்றனர். எழுத்தைத் தாங்கி நிற்கும் கல்லை நோக்குவோர் மிகச் சிலரே. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலுள்ள பிராமிச் சாசனங்கள் விசாகன் என்னும் தமிழ் வணிகனைக் குறிப்பிடுவதை வரலாற்று மாணவர் யாவரும் அறிவர். கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்த அவ்வெழுத்துக்களின் வயதை ஆயிரம் ஆண்டுக் கணக்கிலே கூறலாம். ஆனால், அவற்றைத் தாங்கிநிற்கும் பாறையின் வயதைக் கோடி ஆண்டுக் கணக்கிலேயே கூறல் வேண்டும். அப்பாறைக்கும் ஒரு வரலாறுண்டு. அதனைப் படித்தறிந்தோருக்கும் ஒரு வரலாறுண்டு. பின்னதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இன்று உலகின் எப்பகுதியிலேனும் இலங்கையின் புவிச்சரிதவியலைக் கற்கும் மாணவர் 'வன்னித் தொகுதி' என்னும் பெயரைக் கடந்துசெல்ல முடியாது. உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி என்பவற்றோடு வைத்தெண்ணப்படும் பாறைப் பெரும்பிரிவு அது. இப்பெயர் வன்னி மக்கள் இட்டதன்று. வன்னியில் இயங்கிய ஒரு நிறுவனம் இட்டதுமன்று. வெளிநாடுகளிலிருந்து வந்த விஞ்ஞானிகளும் இந்நாட்டு ஆய்வாளரும் கூடி நிகழ்த்திய ஆய்வின் பயனாக அது நிலைபெற்றது. வருகைதரு விஞ்ஞானிகள் இந்நிலத்துக்கு எதைக் கொண்டுவந்தனர், எதைக் கொண்டுசென்றனர், எதை விட்டுச்சென்றனர் என்னும் வினாக்கள் இதனால் எழுகின்றன.

1. நிலத்தின் அமைப்பு

வன்னிப் பெருநிலம் புறத்தோற்றத்தில் ஒரே சமவெளியாகக் காணப்படினும் அதன் அடித்தளம் இருவகைப்பட்டது. புத்தளத்துக்கு வடக்கிலிருந்து முல்லைத்தீவுக் கரையோரத்தை நோக்கி ஒரு கோடு வரையப்படுமாயின், அக்கோட்டுக்கு வடமேற்கிலுள்ள பகுதி மயோசீன் காலச் சுண்ணக்கல்லால் ஆனது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீழுள்ள சுண்ணக்கல்லின் தொடர்ச்சியே அது. பூநகரி, பரந்தன் முதலிய பகுதிகள் இதன்பாற்படும். கோட்டுக்குத் தெற்கே, வவுனியாவை உள்ளிட்ட பகுதியில், பழமை வாய்ந்த பளிங்குருப் பாறைகளே அடித்தளமாக அமைந்துள்ளன. நைசும் கருங்கல்லும் கலந்த இப்பாறைகள் ஒரு காலத்தில் புவியோட்டின் ஆழத்திற் பெரும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு உருமாறியவை. மேலிருந்த பாறைகள் எண்ணற்ற ஆண்டுகளாக அரிக்கப்பட்டமையாலேயே அவை இன்று நிலமட்டத்திலே தலைகாட்டுகின்றன.

இவ்வேறுபாட்டை வன்னி விவசாயி நூலிற் கற்றவரல்லர். மண்வெட்டியாலும் அலவாங்காலும் கற்றவர். வடக்கே கிணறு தோண்டுவோர் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களில் நீர் காண்கின்றனர். தெற்கே தோண்டுவோர் செம்மண்ணையும் உக்கிய பாறையையும் கடந்ததும் வன்கல்லைச் சந்திக்கின்றனர். அதன்பின் நீர் கிடைப்பது அரிது. வவுனியாப் பகுதியில் குளங்கள் நெருங்கி அமைந்திருப்பதற்கும் இதுவே காரணமாகும். நிலத்தடியில் நீரைத் தேக்கப் பாறை இடங்கொடாதவிடத்து நிலத்தின்மேல் தேக்குதலன்றி வேறு வழியில்லை. அலைகரையும் துருசும் வானும் அமைத்த முன்னோர் பாறை வெளித்தெரியும் இடங்களைப் பயன்படுத்திக் கரை கட்டினர். ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் இக்குளங்களின் நிலையை விரிவாகக் காட்டுகின்றது. 1902இல் தொடங்கி 1920இல் நிறைவெய்திய இரணைமடுக் குளத்தின் கட்டுமானமும் கனகராயன் ஆற்றின் போக்கையும் நிலத்தின் இயல்பையும் ஆராய்ந்தே மேற்கொள்ளப்பட்டது.

2. அதிகாரிகளும் வந்துசென்றோரும்

இலங்கைப் பாறைகளை விஞ்ஞான முறையில் ஆராயும் முயற்சி இந்நாட்டிற் பல்கலைக்கழகம் தோன்றுமுன்னரே தொடங்கிவிட்டது. அம்முயற்சியின் தொடக்கத்தில் நிற்பவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராக 1877இற் கொழும்பிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்றார். இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது கட்டுரை 1900ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராகக் கடமையாற்றிய காலத்தில் 'தோரியனைற்று' என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்தார். கலை வரலாற்றறிஞராகவே தமிழுலகம் போற்றும் அவர் முதலிற் கல்லைப் படித்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் அப்பதவியை விட்டு நீங்கிய 1906ஆம் ஆண்டிலேயே சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் முயற்சியால் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோற்றம்பெற்றது. கல்லைப் படித்தவர் விலக, அக்கல்வியை மாணவர்க்கு அளித்திருக்கக்கூடிய நிறுவனத்துக்கான கோரிக்கை அப்பொழுதே எழுந்தது. அறிஞர் ஒருவர் இருந்தபோது கற்பிக்கும் இடம் இருக்கவில்லை.

குமாரசுவாமிக்குப் பின்வந்தோருள் ஈ. ஜே. வேலன்ட் குறிப்பிடத்தக்கவர். கனிப்பொருள் அளவையிற் பணியாற்றிய அவர் 1919ஆம் ஆண்டில் இலங்கையின் கற்காலம் பற்றி எழுதிய கட்டுரை, சரளைக்கற் படிவுகளிற் கிடைத்த கற்கருவிகளை முதன்முதலாக ஒழுங்குபட ஆராய்ந்தது. செம்மண்ணும் சரளையும் கொண்ட இவ்வகைப் படிவுகளுக்குப் பிற்காலத்தில் தொல்லியலறிஞர் சிரான் தெரணியகல வழங்கிய பெயர் 'இரணைமடுப் படிவு' என்பதாகும். தென்னிலங்கையில் புந்தல, பதிராஜவெல ஆகிய இடங்களில் உள்ள படிவுகளும் இப்பெயராலேயே சுட்டப்படுகின்றன. அவற்றின் காலத்தை வெப்பவொளிர்வு முறையால் துணிவதற்கு இந்தியாவின் அகமதாபாத்திலுள்ள பௌதிக ஆய்வுகூட விஞ்ஞானி ஏ. கே. சிங்வியின் துணை வேண்டப்பட்டது. இம்முடிவுகள் 1986இல் வெளியாயின. புந்தலவிலே கற்கருவிகளைக் கொண்ட படிவு ஏறத்தாழ 125,000 ஆண்டுகள் பழமையானதாகக் கணிக்கப்பட்டது. கிளிநொச்சிக் குளமொன்றின் பெயர் தென்கோடிக் கடற்கரையின் மண்ணுக்கும் பெயராயிற்று என்பது விந்தையான செய்தியே.

வந்துசென்ற அறிஞருள் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங் டோசன் அடம்ஸ் முதன்மையானவர். 1929ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இலங்கைப் புவிச்சரிதவியல் பற்றிய நீண்ட கட்டுரை, இத்தீவின் தரைத்தோற்றத்தை ஒன்றன்மேலொன்றாக அமைந்த மூன்று ஆறரிப்புச் சமவெளிகளாக வகுத்தது. அக்காலத்தில் இலங்கையில் உயர்கல்விக்கென இருந்தது 1921இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றே. அங்குப் புவிச்சரிதவியலுக்கெனத் தனித்துறை இருக்கவில்லை. அடம்சின் முடிவுகள் கனடாவிலே அச்சேறின. அவற்றைத் தம் நிலத்தில் நின்று சரிபார்த்து மறுத்தோ ஏற்றோ உரைக்கும் மாணவர் கூட்டம் இங்கு உருவாகவில்லை.

1938ஆம் ஆண்டில் அரசாங்கக் கனிப்பொருளியலாளராக வந்தவர் டி. என். வாடியா. இந்தியப் புவிச்சரிதவியல் பற்றிய பாடநூலால் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த அவர், அடம்ஸ் கண்ட மூன்று சமவெளிகளை ஏற்றுக்கொண்டபோதும் அவற்றின் தோற்றத்துக்கு வேறு விளக்கம் தந்தார். நிலத்துண்டங்கள் பிளவுகள் வழியே மேலுயர்த்தப்பட்டமையே காரணம் என்பது அவர் கருத்து. கனடியர் ஒருவரும் இந்தியர் ஒருவரும் இலங்கை நிலத்தைப் பற்றி வாதிட்ட இந்நிலையில், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் புவியியற்றுறைப் பேராசிரியர் குலரத்தினம் முதலியோர் இவ்வாதத்திற் பங்குகொண்டு எழுதலாயினர். வந்தவரின் கூற்றுக்கு உள்ளூர் மறுமொழி கிடைக்கத் தொடங்கிய காலம் இதுவே. பல்கலைக்கழகத் துறையொன்று இருத்தலின் முதற்பயன் யாதெனில், வந்தவர் கூறுவதை வினாவுவோர் அங்கு இருப்பதாகும்.

3. ஈர்ப்பை அளத்தல்

பாறையைக் கண்ணாற் கண்டு, சுத்தியலால் உடைத்து, நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து ஆராய்வது புவிச்சரிதவியலின் வழி. கண்ணுக்குப் புலப்படாத ஆழத்தை அளவீடுகளால் உய்த்துணர்வது புவிப்பௌதிகவியலின் வழி. நிலத்துக்குக் கீழே அடர்த்தி மிக்க பாறை இருக்குமாயின் அவ்விடத்துப் புவியீர்ப்பு நுண்ணளவில் மிகும். அடர்த்தி குறைந்த பாறை இருக்குமாயிற் குறையும். இடத்துக்கிடம் இவ்வேறுபாட்டை அளந்து, கடல்மட்டத்திலிருந்து இடத்தின் உயரம் முதலியவற்றால் ஏற்படும் விளைவுகளை நீக்கினால், எஞ்சுவது நிலத்தடியின் செய்தியாகும்.

இம்முறையில் இலங்கைக்கு ஈர்ப்புப் படம் வரைந்தவர்களுள் நியூசிலாந்துப் புவிப்பௌதிகவியலாளர் திரெவர் ஹதேட்டன் ஒருவர். அவரும் இலங்கையரான டி. பி. பத்தியாராச்சி, வி. வி. சி. ரணசிங்க ஆகியோரும் சேர்ந்து ஆக்கிய படம் 1975ஆம் ஆண்டில், 1:1,000,000 என்னும் அளவுத்திட்டத்தில், புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் வெளியீடாக வந்தது. இங்கே ஒரு மாற்றத்தைக் காணலாம். 1929இல் அடம்சின் பெயர் மட்டுமே கட்டுரையின் தலையில் நின்றது. 1975இல் வந்தவரின் பெயரோடு இருந்தோரின் பெயர்களும் நின்றன. வெளியீடும் இந்நாட்டிலேயே நிகழ்ந்தது. அடுத்து வருபவர் வெறுமையிலிருந்து தொடங்கவேண்டிய தேவை இல்லாதொழிந்தது.

4. பெயர் மாறிய கதை

1980களின் தொடக்கம்வரை இலங்கையின் பளிங்குருப் பாறைகள் பொதுவாக நடுவே உயர்நிலத் தொடர் எனவும், அதன் இருமருங்கும் விஜயன் தொடர் எனவும் பிரிக்கப்பட்டிருந்தன. மகாவம்சம் கூறும் விஜயனின் பெயரே பாறைக்கு இடப்பட்டிருந்தது. கிழக்கிலுள்ளது கிழக்கு விஜயன், மேற்கிலும் வடமேற்கிலும் உள்ளது மேற்கு விஜயன். இரண்டும் ஒரே தோற்றத்தையுடையன என்பதே இப்பெயரீட்டின் உட்கிடை. வவுனியாப் பகுதியின் பாறைகளும் மேற்கு விஜயன் என்ற பிரிவினுள்ளேயே வைக்கப்பட்டன. பி. ஜி. குரே எழுதி 1967இல் வெளிவந்து, 1984இல் திருத்திய பதிப்புக் கண்ட 'இலங்கைப் புவிச்சரிதவியல் அறிமுகம்' என்னும் ஆங்கில நூலே அக்கால மாணவரின் கைந்நூலாக விளங்கியது.

இந்நிலையை மாற்றியது ஜேர்மனிய–இலங்கை ஆய்வுக் கூட்டமைப்பு. மைன்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தின் அல்பிரட் குறோனர் அதன் தலைமை ஆய்வாளருள் ஒருவர். இலங்கைத் தரப்பில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பி. டபிள்யு. வித்தானகேயும் குரேயும் குறிப்பிடத்தக்கவர்கள். கூட்டமைப்பின் ஆய்வாளர் கையாண்ட முறைகளுள் ஒன்று சமதானிகளின் வழியே பாறையின் வரலாற்றைத் துணிவதாகும். சமாரியம் 147 என்னும் சமதானி மிக மெதுவாகத் தேய்ந்து நியோடிமியம் 143 ஆக மாறுகின்றது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 10,600 கோடி ஆண்டுகள். எனவே ஒரு பாறையில் இவற்றின் விகிதத்தை நுட்பமாக அளந்தால், அப்பாறையின் மூலப்பொருள் புவியின் மூடியிலிருந்து எக்காலத்திற் பிரிந்தது என்பதை மதிப்பிடலாம். பாறை பின்னர் உருமாறினும் இச்செய்தி பெரும்பாலும் அழிவதில்லை.

மிலிசென்டா, லியூ, ஹொவ்மன், குறோனர் ஆகியோர் 1988இல் வெளியிட்ட முடிவுகள் பழைய பிரிவைக் கலைத்தன. உயர்நிலப் பாறைகளின் மூலப்பொருள் ஏறத்தாழ 200 கோடி முதல் 300 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. அதன் இருமருங்கிலுமுள்ள பாறைகளின் மூலப்பொருளோ பெரும்பாலும் 100 கோடி முதல் 200 கோடி ஆண்டுகள்வரையே பழமையுடையது. இவ்விளமையில் கிழக்குக்கும் மேற்குக்கும் ஒற்றுமை இருந்தபோதிலும், பாறைவகையிலும் உருமாற்றத்தின் வரலாற்றிலும் அவை வேறுபட்டன. ஆதலால் அவற்றை ஒரே பெயரால் வழங்குதல் பொருந்தாது என்ற முடிவு ஏற்பட்டது. 1991ஆம் ஆண்டில் குறோனர், குரே, வித்தானகே ஆகிய மூவரும் புதிய பிரிவை முன்வைத்தனர். கிழக்கிலுள்ளது மட்டும் விஜயன் தொகுதி என நின்றது. மேற்கு விஜயன் என முன்னர் வழங்கியது 'வன்னித் தொகுதி' எனப் பெயர்பெற்றது. இதனை வெளியிட்டதும் இந்நாட்டுப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களமே.

இதே காலப்பகுதியில் ஜப்பானிய அறிஞரும் வந்தனர். சிபா பல்கலைக்கழகத்தின் யோஷிகுனி ஹிறோய் முதலியோர் 1980களின் இறுதியில் நிகழ்த்திய கூட்டாய்வின் நோக்கம் இலங்கைப் பாறைகளை அந்தாட்டிக்காவின் பாறைகளோடு ஒப்பிடுவதாகும். ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பல நிலத்துண்டங்கள் மோதி ஒன்றிணைந்து கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவாகியபோது, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியவற்றுக்கிடையே இலங்கை அமைந்திருந்தது. வன்னிப் பாறையின் உருமாற்றமும் அம்மோதலின் விளைவேயாகும். அந்தாட்டிக்காவின் பனிவெளியில் ஆய்வு செய்வோர் ஒப்பீட்டுக்காக இலங்கைப் பாறையை நாடுவதன் காரணம் இதுவே.

5. பெயர் தரும் மயக்கம்

வன்னியின் பெயர் உலக விஞ்ஞான ஏடுகளில் இடம்பெற்றமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அதனால் எழக்கூடிய மயக்கங்களை நீக்குதல் வரலாற்று மாணவரின் கடமையாகும்.

முதலாவதாக, பாறையின் வன்னியும் வரலாற்றின் வன்னியும் ஒன்றல்ல. வன்னித் தொகுதி வவுனியாவோடு நின்றுவிடாது, வடமேல் மாகாணத்தின் குருநாகல் பகுதியை ஊடறுத்துத் தென்மேற்கு நோக்கிப் பரந்து செல்கின்றது. நீண்ட பிராமிச் சாசனங்களைத் தாங்கிநிற்கும் தோணிகலவின் கருங்கல்லும் வன்னித் தொகுதியைச் சேர்ந்ததே. மறுபுறத்தில், வன்னி மக்களின் வாழ்நிலமான பூநகரியும் பரந்தனும் இத்தொகுதியின்மீது படிந்த, மிக இளைய சுண்ணக்கல்லின் மேலேயே உள்ளன. உயர்நிலத் தொகுதிக்கும் வன்னித் தொகுதிக்கும் இடையிலான எல்லை எங்கே செல்கின்றது என்பது பற்றியும் ஆய்வாளரிடையே கருத்துவேறுபாடு உண்டு. ஆகவே விஜயன் என்ற பெயரைக் கொண்டோ வன்னி என்ற பெயரைக் கொண்டோ எவரும் நில உரிமை பேசுதல் பொருந்தாது. பாறை உருவாகிய காலத்தில் இனமும் இல்லை, மொழியும் இல்லை, மனிதனும் இல்லை.

இரண்டாவதாக, கொண்டுவானா பற்றிய உண்மையைக் குமரிக்கண்டம் பற்றிய நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் தமிழ்ச் சூழலில் நெடுங்காலமாக இருந்துவருகின்றது. பிலிப் ஸ்கிளேற்றர் 1864இல் விலங்குகளின் பரம்பலை விளக்குவதற்காக லெமூரியா என்னும் நிலத்தைக் கற்பித்தார்; கண்டங்கள் நகரும் என்பது பின்னர் நிறுவப்பட்டபோது அக்கற்பிதத்துக்குத் தேவையில்லாது போயிற்று. கொண்டுவானா பிளவுண்டு இலங்கையும் இந்தியாவும் அந்தாட்டிக்காவை விட்டு நீங்கியது மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்னராகும். சங்க இலக்கியத்தின் பெருமைக்கு இவ்வகைத் துணை வேண்டியதில்லை. வருகைதரு விஞ்ஞானிகளின் சொற்பொழிவைக் கேட்ட பின்னரும் பழைய மயக்கத்தையே பேணுவோமாயின் அச்சொற்பொழிவு வீணே.

மூன்றாவதாக, ஒரு முரணைக் குறிப்பிடல் வேண்டும். வன்னித் தொகுதி என்னும் பெயர் நிலைபெற்ற ஆண்டுகள் போர் நடந்த ஆண்டுகள். 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரையும் வன்னிப் பெருநிலத்திற் சுதந்திரமாக வெளிக்களவாய்வு செய்தல் பெரும்பாலும் இயலாததாயிற்று. மைன்சிலும் சிபாவிலும் வன்னியின் பெயர் உச்சரிக்கப்பட்ட நாள்களில் வன்னியின் பிள்ளைகள் பதுங்குகுழிகளிலும் இடம்பெயர்ந்தோர் கொட்டில்களிலும் இருந்து படித்தனர். தம் காலடியிலுள்ள பாறைக்கு உலகம் தம் ஊரின் பெயரை இட்டிருக்கின்றது என்பதை அவர்களுக்குச் சொல்லுவார் இலர்.

6. அதிர்வும் அறிவிப்பும்

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பாலுள்ள கடற்றளத்தில் 9.1 அளவினதான புவிநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குக் கடற்றளம் பிளவுற்றது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை இரண்டு மணித்தியாலம் அளவில் இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. முல்லைத்தீவு நகரும் அதனை அடுத்த கரையோரக் கிராமங்களும் பேரழிவுற்றன. இலங்கை முழுவதிலும் 30,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இப்பேரழிவில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க ஒன்றுண்டு. உலகப் புவிநடுக்கப் பதிவு வலையமைப்பைச் சேர்ந்த கருவியொன்று கண்டிக்கு அண்மையில் பல்லேகலையில் 2000ஆம் ஆண்டளவிலேயே நிறுவப்பட்டிருந்தது. கருவி இருந்தது; அதிர்வும் வந்தது; அலை வருவதற்கு முன் இரண்டு மணித்தியால அவகாசமும் இருந்தது. முல்லைத்தீவின் கரையில் நின்ற மீனவருக்கோ எச்சரிக்கை எதுவும் எட்டவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அந்நாளில் இருக்கவில்லை. கருவியை நிறுவுதல் ஒன்று. கருவியின் பேச்சை மக்களின் பேச்சாக்கும் ஒழுங்கை நிறுவுதல் பிறிதொன்று. விரிவுரைக்கும் இது பொருந்தும்.

இதன்பின்னர் ஜேர்மனியின் பொற்ஸ்டாம் நகரப் புவி ஆய்வு நிலையத்தின் துணையோடு மகாகனதராவ, ஹக்மன ஆகிய இடங்களிலும் நிரந்தரப் பதிவு நிலையங்கள் அமைந்தன. அந்நிலைய விஞ்ஞானிகளும் இலங்கைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தினரும் 2016–2017 காலப்பகுதியில் தற்காலிகப் புவிநடுக்கப் பதிவு வலையமைப்பொன்றை நிறுவினர். அவர்கள் பெரும் புவிநடுக்கங்களுக்காக மட்டும் காத்திருக்கவில்லை. கடலலைகளின் ஓயாத மோதலால் நிலத்தில் எழும் நுண்ணதிர்வுகளையும் பதிந்து, ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்கு அவை செல்லும் வேகத்தைக் கணித்தனர். தொலைவிடத்துப் புவிநடுக்க அலைகள் புவியோட்டின் அடித்தளத்திற் பட்டு மாறுவதையும் ஆராய்ந்தனர். ஜெனிபர் டிறைலிங் முதலியோர் 2020இல் வெளியிட்ட முடிவின்படி இலங்கையின் புவியோடு 30 முதல் 40 கி.மீ. வரை தடிப்புடையது. உயர்நிலத் தொகுதியின் நடுப்பகுதியில் 38 முதல் 40 கி.மீ. வரை தடித்தும், மேற்குக் கரையோரத்தில் 30 முதல் 35 கி.மீ. வரை மெலிந்தும் காணப்படுகின்றது. மேற்கின் மெலிவு மன்னார்ப் படுகையின் தோற்றத்தோடு தொடர்புடையது. சமதானிகள் உரைத்த நிலத்துண்ட மோதலின் கதையை அதிர்வலைகளும் உறுதிசெய்தன.

7. நீரின் வினா

கோடி ஆண்டுகளின் கதை வன்னி மக்களின் அன்றாட வாழ்வுக்கு எவ்வகையிற் பயன்படும் என்று வினவலாம். விடை கிணற்றில் உள்ளது. பளிங்குருப் பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் இரண்டிடங்களிலேயே தங்கும். ஒன்று, பாறை உக்கியமையால் உண்டான மேற்படை. மற்றொன்று, பாறையின் ஆழத்திலுள்ள வெடிப்புக்கள். மேற்படை பெரும்பாலும் தடிப்புக் குறைந்ததாதலால் அதன் நீர் வரட்சிக்காலத்திற் குறைந்துவிடும். வெடிப்புக்களோ கண்ணுக்குத் தெரியாதவை. நிலத்தினுள் மின்னோட்டத்தைச் செலுத்தி அதன் தடைத்திறனை அளக்கும் புவிப்பௌதிக முறை இங்கேயே பயன்தருகின்றது. உலர்ந்த வன்கல் மின்னுக்குப் பெருந்தடையாக நிற்கும்; நீர்செறிந்த உக்கற்பாறையின் தடை குறைவு. இவ்வேறுபாட்டைக் கண்டு துளையிட்டால் வீண்துளைகள் குறையும். ஒரு குழாய்க்கிணறு வரண்டுபோனால் நட்டமடைவது ஒரு குடும்பமோ ஒரு கிராமமோ ஆகும்.

நீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் பாறையைச் சார்ந்தது. உலர்வலயத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரிற் புளோரைட்டு மிகுந்திருப்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சி. பி. திசாநாயக்க முதலியோரின் ஆய்வுகள் 1980கள் முதலே எடுத்துக்காட்டின. பாறையிலுள்ள கனிப்பொருள்களே அதன் ஊற்று. உலர்வலயக் கமக்காரரிடையே காரணம் முற்றாகத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியபோது, அவர்கள் பருகும் நீரைப் பற்றிய வினா மேலும் கூர்மையடைந்தது. வவுனியாவும் அந்நோயினின்று தப்பவில்லை. பாறையைப் பற்றிய விரிவுரை இவ்வாறு குடிநீரைப் பற்றிய விரிவுரையாகவும் ஆகின்றது.

8. விரிவுரை விட்டுச்செல்வது

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முறைமை புலப்படுகின்றது. வருகைதரு விஞ்ஞானியின் அறிவு நிலைத்து நிற்பதற்கு மூன்று வேண்டும். அவரது கூற்றை வினாவவும் தொடரவும் வல்ல துறை ஒன்று வேண்டும். அவர் சென்ற பின்னரும் இயங்கும் கருவியும், கைக்கெட்டும் தரவும் வேண்டும். அவர் கூறியதை மக்கள் அறியும் மொழியிற் கூறும் ஆற்றல் வேண்டும். அடம்ஸ் வந்தபோது இவற்றுள் ஒன்றுமில்லை. ஹதேட்டன் வந்தபோது அளவைத் திணைக்களம் இருந்தது. குறோனர் வந்தபோது திணைக்களமும் பல்கலைக்கழகத் துறையும் இருந்தன. ஆகவே அவ்வாய்வு இந்நாட்டினரின் ஆய்வாகவும் நின்றது. குரே 1994இல் இலங்கையின் முன்கேம்பிரியன் பாறைகள் பற்றிய ஆய்வுகளின் வரலாற்றை எழுதியமை, வந்தோரின் பணியை மதிப்பிடும் தகுதி இருந்தோர்க்கு வாய்த்தமைக்குச் சான்றாகும்.

மூன்றாவது தேவையே இன்னும் நிறைவேறாதது. அரசகரும மொழித் திணைக்களம் முன்னர் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் புவிச்சரிதவியல், புவிப்பௌதிகவியல், சமதானி, தடைத்திறன் முதலிய சொற்களைத் தமிழிற் பழக்கப்படுத்தின. பாடசாலை நூல்கள் அவற்றைப் பரப்பின. கலைப்பீடத்தில் 1960 முதல் தாய்மொழியிற் பயிலும் வாய்ப்பும் ஏற்பட்டது. எனினும் வன்னித் தொகுதி பற்றிய ஆய்வுகள் ஆங்கிலத்திலும் ஜேர்மன் மொழியிலும் எழுதப்பட்ட அளவுக்குத் தமிழில் எழுதப்பட்டில. சொல் இருந்தும் எழுதுவாரின்றிப் பொருள் வாராதுபோயிற்று. இக்குறையை விஞ்ஞானபீடத்தின்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. பாறை, பெயர், கல்வெட்டு, குளம், கிணறு ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதனால் கலைப்பீட மாணவருக்கும் இதிற் பங்குண்டு.

நிலைமையும் மாறியுள்ளது. 1991இல் வவுனியாவில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உயர்ந்த நிறுவனம் 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அமைந்துள்ளன. போர்க்காலத்தில் வெளிநாட்டவர் வரைபடத்தில் மட்டும் கண்ட நிலத்தின் மேலேயே விரிவுரை மண்டபங்கள் எழுந்துள்ளன. இனி அங்கு வரும் விஞ்ஞானி வன்னிப் பாறையைப் பற்றிப் பேசும்போது, அப்பாறையின்மேல் வளர்ந்த மாணவர் எதிரே அமர்ந்திருப்பர். தம் ஊரில் எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றும் என்பதை அவர்கள் அறிவர். அதற்கான காரணத்தை அவர் அறிவார். இருசாராரும் ஒருவரையொருவர் வினாவும் நாளிலேயே அவ்விரிவுரை முழுமை பெறும்.